மெஷினிடம் கேட்ட யோசனை

"ஏப்பா மெஷினு, நீ சாப்பிட்டியா?"

பலகைத் தடுப்புக்குப் பின்னால் மைக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த பிரசாந்த் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"எனக்கு இரும்புத் தூள்தான்யா சாப்பாடு. காலையிலயே போட்டுட்டாங்க" என்றான். அவன் குரல் கணினிக்குள் புகுந்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற பெரிய இயந்திரத்திலிருந்து தகரக் குரலாக வெளியே வந்தது.

"வயித்துக்குக் கொறை வைக்காதப்பா" என்றார் பெரியவர்.

புதுக்கோட்டைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் பிரசாந்த் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். உலோகத் தூளை மெல்லிசாகப் பரப்பி, லேசரால் உருக்கி, அடுக்கின் மேல் அடுக்காக ஒரு பொருளையே செய்து தருகிற இயந்திரம் அது. சாதாரண சனங்கள் அதனோடு பேசியே வேலை வாங்க முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. பேசுகிற மென்பொருளை இனிமேல்தான் எழுத வேண்டும். சனங்கள் எப்படிப் பேசுவார்கள் என்று தெரிந்தால்தானே எழுத முடியும்? அதுவரை மெஷினுக்குப் பதிலாக ஓர் ஆள் ஒளிந்திருந்து பேசுவது இந்தத் துறையில் வழக்கம்தான் என்று அவனுடைய பேராசிரியை பிரகதீஸ்வரி சொல்லிவிட்டார்.

சோதனைக்கு வருகிறவரின் பெயரோ ஊரோ முகமோ அவனுக்குத் தெரியக் கூடாது. அதுவும் விதி. அவனுடைய திரையில் தெரிந்ததெல்லாம் இரண்டு கைகளும், அவை ஏந்தியிருந்த ஓர் உடைந்த சக்கரமும்தான்.

"தண்ணி மோட்டாருக்குள்ள சுத்துறதுப்பா. பழைய மோட்டாரு, எந்தக் கடையிலயும் சாமான் இல்லங்குறான். அங்கிட்டுக் கடலைப் பயிரு காயுது."

"செஞ்சிரலாங்கய்யா. நடு ஓட்டை, தண்டுல நல்லாப் பொருந்தணும்ல? அளவ மட்டும் சரியாச் சொல்லுங்க. பொருந்தாதத அடிச்சு ஏத்துனா இன்னைக்கு ஏறிக்கிரும், பின்னாடி வெடிச்சுப் போயிரும்."

திரையில் கைகள் அப்படியே நின்றுவிட்டன.

"அப்படியா சொல்ற?" பெரியவரின் குரல் இறங்கியிருந்தது. "ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும்ப்பா. மனுசன்கிட்ட கேட்டா ஊரெல்லாம் பரப்பி விட்டுருவான். எம்மக கல்யாண விசயம்."

பிரசாந்த் மைக்கை அணைக்கப் போனான். வெளியே ஒரு மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பேராசிரியையிடமிருந்து அவனுடைய செல்லுக்குச் செய்தி வந்து விழுந்தது. 'விடாதே, பேசு. இது தங்கம்!'

"கேளுங்கய்யா" என்றது மெஷின்.

"ஒரு நல்ல எடமா வந்துச்சு. பேசி முடிச்சு வாக்கும் குடுத்துட்டேன். இப்ப வந்து, கூட வேலை பாக்குற அருண்குமாரத்தான் கட்டுவேங்குறா. சண்டையெல்லாம் போடல. சோத்துத் தட்டுக்கு முன்னாடி உக்காந்து கண்ணு கலங்குறா. அதைப் பாத்துக்கிட்டு நான் எப்படிச் சோறு திங்கிறது?"

"அருண்குமாரு எப்படிங்கய்யா?"

"நல்ல பையன்தான். அதுதான் சங்கடமே. மோசமானவனா இருந்தா வெரட்டி விட்டுருப்பேன்."

பிரசாந்தின் மனசு இளகிவிட்டது. அளவும் ஓட்டையும் மறந்துபோயின. முகம் தெரியாத ஒரு பெண், தட்டின் முன்னால் கலங்கி உட்கார்ந்திருப்பது மட்டும் கண்ணுக்குள் நின்றது.

"அப்புறம் என்னங்கய்யா யோசனை? அவருக்கே கட்டிக் குடுங்க."

"வாக்குக் குடுத்த வீட்டுக்கு என்ன பதில் சொல்லுவேன்? அந்த மாப்பிள்ளைப் பையன் பாவமில்லையா?"

"அவரு ஒங்க மககிட்டப் பேசியிருக்காரா?"

"எங்க? ஆத்தாளும் அப்பனுந்தான் பொண்ணு பாக்க வந்தாங்க. அவனுக்கு வேலை இருந்துச்சாம். போட்டோவுல பாத்ததோட சரி."

"பாக்கக்கூட வராதவருக்கு என்னங்கய்யா நட்டம்?" மெஷினுக்கு ரோசமே வந்துவிட்டது. "ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிவாரு. மூணாம் நாளே வேற போட்டோவப் பாக்க ஆரம்பிச்சிருவாரு. அவருக்காக ரெண்டு பேரு வாழ்க்கையக் கெடுக்காதீங்க."

திரையில் இரண்டு கைகளும் சேர்ந்து மெஷினைக் கும்பிட்டன.

"பெத்தவன் எனக்குத் தோணலையேப்பா! இரும்புக்குத் தோணியிருக்கு. சக்கரத்த வாங்க வரையில ஒனக்கு நல்ல தூளா வாங்கியாரேன்."

அவர் போன கையோடு பிரகதீஸ்வரி தடுப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "பிரசாந்த்! பெத்த பொண்ணோட வாழ்க்கையையே ஒரு மெஷினை நம்பிக் குடுத்துட்டுப் போறாரு! மனுஷனுக்கும் மெஷினுக்கும் இடையில இதைவிட என்ன நம்பிக்கை வேணும்? உனக்குப் பட்டம் உறுதி!"

பிரசாந்துக்குப் பட்டத்தை விடவும் அந்தப் பெண் இன்று நிம்மதியாகச் சாப்பிடுவாள் என்பதே பெரிதாக இருந்தது. அவர் விட்டுப்போன உடைந்த சக்கரத்தை அளந்து கணினியில் ஏற்றினான். லேசர் புதுச் சக்கரத்தின் முதல் அடுக்கை உருக்கத் தொடங்கியதைக் கண்ணாடி வழியே பார்த்தபடி, மாலை வரை சீட்டியடித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் வீட்டிலிருந்து அம்மா பேசினாள். அழுகையில் பாதி வார்த்தை புரியவில்லை.

"பொண்ணோட அப்பா குழந்தைசாமி ஒன் சம்பந்தம் வேணாமின்னுட்டாருடா! ஆவணியில கல்யாணமின்னு சொந்தம் பூராம் சொல்லி வச்சிருந்தேனே!"

பிரசாந்த் செல்லைக் காதோடு அழுத்திக்கொண்டான். "என்னம்மா காரணமாம்?"

"அந்த ஆளுக்குப் புத்தி பெரண்டு போச்சுடா. மூணாம் நாளே நீ வேற போட்டோவப் பாக்க ஆரம்பிச்சிருவேன்னு, ஏதோ ஒரு மெஷினு சொல்லுச்சாம்!"