வெளுத்து வாங்கிய குதிரை

கொட்டிலின் கதவில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டத்தான் யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

விலாங்கு சுற்றுமுற்றும் பார்த்தான். யார் பிடியில் சிக்கினாலும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறவன் என்பதால் கூட்டாளிகள் வைத்த பெயர் அது. பட்டப்பகல். முற்றத்தில் நாற்காலி போட்டு, குதிரைக்காரம்மா வாயைப் பிளந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நாய் எழுந்து வந்து மோந்து பார்த்தது; வாலை ஆட்டிவிட்டுப் போய் மறுபடியும் படுத்துக்கொண்டது.

இன்று யார் முகத்தில் விழித்தோமோ என்று அவனுக்கே ஆச்சரியம்.

உள்ளே செம்பழுப்பு நிறத்தில் ஒரே ஒரு குதிரை. பிடரியும் வாலும் வெளிர் நிறம் என்று சத்தியம் செய்து சொன்னால்தான் நம்ப முடியும். சேறும் சாணமும் அப்பி, சடை சடையாய்த் திரண்டு, பழுப்பேறிக் கிடந்தன. கயிற்றைப் பிடித்து இழுத்தான். சினிமாவுக்குக் கூப்பிட்ட மாதிரி அது உற்சாகமாகப் பின்னாலேயே வந்தது.

வீட்டுக் கொல்லையில் அதைப் பார்த்த மனைவி இடுப்பில் கை வைத்தாள். “என்னங்க இது? குதிரையா, இல்ல கால் மிதியா?”

“ஞாயித்துக்கிழமை மைதானத்துல குதிரைக் கண்காட்சி. பக்கத்துலயே சந்தையும் போடறாங்க. அங்க தள்ளிவிட்டுடலாம்.”

“அங்கயா? சொந்தக்காரி கண்ணுல பட்டா?”

“படட்டுமே! நீ மட்டும் கை வெச்சேன்னா, இதைப் பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது.”

அவள் பார்லர் நடத்துகிறவள். தலைமுடிக்கு நிறம் ஏற்றுவதிலும் இறக்குவதிலும் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. தொழிலைப் புகழ்ந்தால் கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“சீப்பை மேலேருந்து இழுக்காதீங்க! முடி கொத்தா கையோட வந்துடும். நுனியிலேருந்து கொஞ்சம் கொஞ்சமா சிக்கெடுங்க. பின்னாடி நிக்காதீங்க, உதைச்சா நான் பொறுப்பில்ல.”

விலாங்கின் விரல்கள் மரத்துப்போயின. அதற்குப் பிறகு குளியல். வாளி வாளியாய் ஊற்றியும் காப்பி டிகாக்‌ஷன் மாதிரியே தண்ணீர் ஓடியது. அது தெளிந்த பிறகு அவள் ஒரு பாட்டிலைத் திறந்தாள்.

“ஊதா கலர்ல இருக்கு? வெள்ளையாக்கத்தானே சொன்னேன்?”

“மஞ்சளை அடக்கறதுக்கு ஊதாதான். நரைச்ச முடிக்காரங்களுக்கு இதைத்தான் போடறேன். கழுவ மறந்தோம்னா மட்டும் கத்தரிக்கா கலர்ல ஒரு குதிரை நிக்கும்.”

பார்லரின் மொத்த இருப்பையும் அந்த ஒற்றை வாலே குடித்துத் தீர்த்தது. குதிரை துண்டைத் தின்றது, வாளியைக் கவிழ்த்தது, விலாங்கின் கால் விரலை ஒருமுறை மிதித்தும் வைத்தது. கடைசியாக வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு அலசல். உலர்ந்ததும் வாலைப் பின்னி, அழுக்குப் படாமல் தலையணை உறைக்குள் கட்டிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் உறையை அவிழ்த்தபோது, சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்து மொய்த்தார்கள். பின்னலிலிருந்து நெளிநெளியாக விரிந்த வால், வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. பிடரி பட்டு நூல் மாதிரி பறந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றது குதிரைக்காரம்மாதான்.

விலாங்கு ஓர் அடி பின்வாங்கினான். ஆனால் அந்தம்மா குதிரையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, “அடேங்கப்பா!” என்றார். “எங்க வாங்கினீங்க?”

அப்பாடா! அடையாளமே தெரியவில்லை.

“வாங்கறதாவதுங்க! குட்டியிலேருந்து எங்க வீட்டுப் பிள்ளை” என்றான். மனைவி ஈரமில்லாத கண்ணை முந்தானையால் ஒற்றிக்கொண்டாள்.

“பேரு?”

“முத்துங்க.”

குதிரைக்காரம்மா குதிரையின் காதருகே குனிந்தார். “அடியே அழுக்கி!”

குதிரை கனைத்துக்கொண்டே அவர் அக்குளுக்குள் முகத்தைப் புதைத்தது. அந்த நேரம் பார்த்துத்தானா ஒரு போலீஸ்காரர் அந்தப் பக்கம் வர வேண்டும்?

“என்னம்மா, காணோம்னு சொன்னீங்களே, கிடைச்சுடுச்சா?”

வழுக்கி ஓட வேண்டிய விலாங்கின் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. மனைவிக்கு இந்தமுறை நிஜமாகவே அழுகை வந்தது.

“கிடைச்சுடுச்சு சார். வழி தவறித் திரிஞ்சதை இவங்கதான் புடிச்சு, குளிப்பாட்டி, கொண்டாந்து விட்டிருக்காங்க. தங்கமான மனுஷங்க!”

போலீஸ்காரர் கையை நீட்டினார். விலங்கு மாட்டத்தான் என்று நினைத்து விலாங்கு இரண்டு கையையும் கொடுத்தான். அவர் ஒன்றை மட்டும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

குதிரைக்காரம்மா அழுக்கியோடு கண்காட்சிப் பக்கம் நடந்தார். புருஷனும் பெண்டாட்டியும் கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி முழங்கியது: “சிறந்த பிடரிக்கும் வாலுக்குமான முதல் பரிசு... அழுக்கி!”

கோப்பையை இடுக்கிக்கொண்டு வந்தவரின் காலில் விலாங்கு விழாத குறை. “அம்மா, எப்பேர்ப்பட்ட மனசும்மா உங்களுக்கு! இனிமே அடுத்தவங்க பொருளைக் கையால தொடமாட்டேன்.”

“ஐயோ, அப்படியெல்லாம் சொல்லிடாதீங்க” என்று பதறினார் குதிரைக்காரம்மா. பிறகு அவன் மனைவி பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

“எல்லாம் பிரமாதம் தங்கச்சி, ஆனா போன வருஷம் திருடிட்டுப் போனவங்க குளம்புக்கும் எண்ணெய் போட்டுக் குடுத்தாங்க.”