வேட்டியில் ஒரு கை குறைகிறது

ஒரு கைக்கான இடம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது.

தரையில் விரித்திருந்த வேட்டியைச் சுற்றி இரண்டாம் வகுப்பு மொத்தமும் உட்கார்ந்திருந்தது. முழங்கை வரைக்கும் நீலமும் மஞ்சளும் சிவப்பும். மூக்கில் பச்சை எப்படி வந்தது என்று கவின்ராஜுக்கே தெரியவில்லை.

அந்தப் பள்ளியில் அது வழக்கம். மாற்றலாகிப் போகும் டீச்சருக்குச் சால்வை, சந்தனமாலை எல்லாம் கிடையாது. வகுப்புப் பிள்ளைகள் சாயத்தில் கையை முக்கி, ஒரு வெள்ளை வேட்டியில் பதித்துக் கொடுப்பார்கள். எந்தப் புண்ணியவான் தொடங்கி வைத்ததோ, வாங்கிக்கொண்டு போனவர்கள் எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டேதான் பஸ் ஏறினார்கள்.

இன்று இந்த வகுப்பு டீச்சரான அவள் முறை.

கேட்டு வாங்கிய மாற்றல்தான். தென்காசியில் கணவனும் மகனும் இருக்கிறார்கள். வருடா வருடம் கலந்தாய்வுக்கு நடையாய் நடந்து, கடைசியில் கிடைத்தபோது சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள். இப்போது, கடைசிப் பாடவேளையில், கடிகாரத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சன்மதி மட்டும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

சொல்லிப் பார்த்தாயிற்று. கொஞ்சிப் பார்த்தாயிற்று. அசைகிற வழியாகத் தெரியவில்லை.

வேறு பிள்ளையாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். இந்தக் கை இல்லாமல் ஊருக்குப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

ஒன்றாம் வகுப்பிலும் இந்தப் பிள்ளைகளுக்கு அவள்தான் டீச்சர். சேர்ந்த புதிதில் சன்மதி எதையும் தொடமாட்டாள். மைதாவைக் காய்ச்சிப் பசை கிண்டிக் கொண்டுவந்தால், மற்ற பிள்ளைகள் ஒட்டியது பாதி, தின்றது பாதி. சன்மதி மட்டும் விரல்களை மடக்கிக்கொள்வாள். ஒரு சொட்டு ஒட்டினாலும் அழுகை. களிமண் என்றால் வாசல் வரைக்கும் ஓட்டம்.

வெண்டைக்காய்தான் அவளை வழிக்குக் கொண்டுவந்தது.

காம்போடு வெட்டிய துண்டைச் சாயத்தில் தொட்டுத் தாளில் வைத்து எடுத்தால் பூ. காம்பைப் பிடித்துக்கொண்டால் விரலில் ஒன்றும் படாது. சன்மதி யோசித்து யோசித்து ஒரு பூ வைத்தாள். பிறகு தாள் முழுக்க வைத்தாள். தாள் தீர்ந்ததும் பெஞ்சில் வைத்தாள். மணி அடிக்கும்போது பார்த்தால் கையெல்லாம் சாயம், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மறுநாள் அவள் அம்மா வந்து, குழம்புக்கு வாங்கி வைத்திருந்த வெண்டைக்காய் மொத்தமும் வீட்டுச் சுவரில் பூத்திருப்பதாகச் சண்டை போட்டார். போட்டுவிட்டு அவரே சிரித்தார்.

அதற்கப்புறம் சன்மதியைப் பிடிக்க முடிந்ததா?

மையில் நனைத்த நூலை மடித்த தாளுக்குள் வைத்து இழுத்தது. பழைய பல் பிரஷ்ஷால் இலையைச் சுற்றிச் சாயம் தெளித்தது. தீப்பெட்டிகளைக் கோத்து ரயில் விட்டது. சன்மதி ரயிலை இழுக்க, வகுப்பே பின்னால் கூவிக்கொண்டு போகும். பக்கத்து வகுப்பு டீச்சர் வாசலில் வந்து நின்று முறைப்பார். அப்போது டீச்சரான அவளும் பெட்டியோடு பெட்டியாகக் கூவிக்கொண்டு போயிருக்கிறாள். அவ்வளவு சந்தோஷமான நாட்கள் அவை. இவ்வளவு சீக்கிரம் ஓடிவிடும் என்று யார் கண்டது.

மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

சன்மதியின் பிடிவாதத்துக்குக் காரணம் புரிந்துவிட்டதாக அவள் நினைத்தாள். வேட்டி நிறையாவிட்டால் டீச்சர் போகமாட்டார் என்று பிள்ளை கணக்குப் போடுகிறது.

முன்னால் போய் மண்டியிட்டாள். நீ கை வைக்காவிட்டாலும் டீச்சர் திங்கட்கிழமை புதுப் பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள்.

அது தெரியும் என்பதுபோல் சன்மதி தலையாட்டினாள்.

பிறகு வேட்டியைப் பார்த்தாள்.

"எங்க கையெல்லாம் நீங்க கொண்டு போயிருவீங்க. உங்க கை எங்களுக்கு வேணாமா டீச்சர்?"



எத்தனையோ டீச்சர்கள் வேட்டியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒருவருக்கும் இது தோன்றவில்லை. அவளுக்கும்தான் தோன்றவில்லை. பிள்ளைகள் முன்னால் வெட்கமாக இருந்தது.

எழுந்து போய் நீலச் சாயத் தட்டில் வலது கையை அப்படியே வைத்தாள். வளையல்வரை நனைந்தது.

எங்கே பதிப்பது?

தாள் கிழிந்துபோகும். கரும்பலகையை அடுத்து வருகிறவர் துடைத்துவிடுவார். சுவருக்குப் போன மாதம்தான் ஆயில் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதில் ஒரு காலண்டர் மாட்டக்கூடத் தலைமை ஆசிரியர் சம்மதிக்கவில்லை.

திட்டினால் திட்டட்டும்.

சன்மதி நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே, பிள்ளையின் தோள் உயரத்துக்குக் குனிந்து, சுவரில் கையை அழுத்தி எடுத்தாள். ஐந்து விரல்களும் கொழகொழவென்று நீலமாக விழுந்தன. வகுப்பு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

சன்மதி முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்தாள்.

தட்டின் பக்கம் போகவில்லை. சுவரில் ஈரமாக இருந்த கையின் மேலேயே தன் கையை வைத்தாள். விரலுக்கு விரல் சரிபார்த்து அழுத்தினாள். அவள் விரல்கள் பாதி வரைக்கும்தான் எட்டின.

கையை விரித்தபடியே நடந்து வந்து, வேட்டியில் காலியாகக் கிடந்த இடத்தில் வைத்தாள்.

மற்ற கைகளைவிட அது மங்கலாக விழுந்தது. தட்டில் இன்னும் கொஞ்சம் தொட்டு வைக்கச் சொல்லி கவின்ராஜ் யோசனை சொன்னான். சன்மதி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

சுவரில், டீச்சரின் கைக்குள், சின்னதாக இன்னொரு கை வெளுத்துத் தெரிந்தது.