மண்டையில் ஏறாத மெஷின்

"பச்சை பட்டனைத்தானே அழுத்தச் சொன்னேன்? ஏன் சிவப்பை அழுத்துனீங்க?"

"ஓ, இது சிவப்பா!" என்றார் புது ஆபரேட்டர், அந்த நிறத்தையே அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பவர்போல.

சோப்புக்கு உறை போடும் மெஷின் பெருமூச்சு விட்டு நின்றது. கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த அவளும் பெருமூச்சு விட்டாள்.

அந்த மெஷின் அவளுக்கு ஆறு வருடப் பழக்கம். சத்தத்தை வைத்தே எங்கே சிக்கல் என்று சொல்லிவிடுவாள். ஆனாலும் அவள் தற்காலிகம்தான். ஒரு வருடம் விடாமல் வேலை செய்தவரை நிரந்தரம் ஆக்க வேண்டும் என்பது விதி. பதினோரு மாதம் ஆனதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு மாதம் கழித்துப் பழையபடி ஆரம்பச் சம்பளத்துக்கே எடுத்துக்கொள்வது கம்பெனியின் கெட்டிக்காரத்தனம். பாவம், ஆறு வருடமாக அவள் புது ஆள்!

வந்த அன்றே நிரந்தரமாகிவிட்ட இந்த மனுஷனுக்கோ அவளைப்போல இரண்டு மடங்கு சம்பளம்.

"அவருக்கு மெஷினைக் கத்துக்கொடும்மா. அப்புறம் உன் விஷயத்தைப் பேசலாம்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பத்தே நாளில் முடித்துவிடலாம் என்று அவளும் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள்.

இரண்டு மாதம் ஓடிவிட்டது.

மனிதர் தாள் சுருளைத் தலைகீழாக மாட்டினார். உள்ளே சோப்பே இல்லாமல் நானூறு உறைகளை ஒட்டித் தள்ளினார். "இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லுங்கம்மா" என்று தினமும் கேட்டார்.

"என்னம்மா, இன்னுமா?" மேனேஜர் முகம் சுளித்தார்.

"நானும் கரடியாக் கத்துறேன் சார். அவர் மண்டையில ஏறவே மாட்டேங்குது."

"சரி, அதுவரைக்கும் நீயே ஓட்டு. ஆர்டர் கழுத்தை நெரிக்குது."

அவளுக்கு அழுகை முட்டியது. சொல்லிக்கொடுக்கத் தெரியாதவள் என்று பேராகிவிட்டால் யார் நிரந்தரம் ஆக்குவார்கள்?

மறுநாள் பஸ் கிடைக்காமல் அரை மணி தாமதம். மெஷின் என்ன கதி ஆனதோ என்று ஓட்டமும் நடையுமாக வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மெஷின் கொஞ்சம்கூட முரண்டு பிடிக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒரு கையால் புதுச் சுருளை எடுத்து வைத்துக்கொண்டே மறு கையால் வேகத்தைக் கூட்டினார். அந்த லாவகம் அவளுக்கே வராது.

"அப்போ இத்தனை நாளும் நடிச்சீங்களா? என் பிழைப்புல மண்ணள்ளிப் போடணும்னே வந்தீங்களா?" கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது.

அவர் மெஷினை நிறுத்தினார்.

"பழைய கம்பெனியில இதே மெஷின்ல நானும் ஒன்பது வருஷம் தற்காலிகம்தாம்மா. புதுசா வந்த ஒருத்தருக்குப் பத்தே நாள்ல சொல்லிக்கொடுத்தேன். பதினோராவது நாள் என்னை அனுப்பிட்டாங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தேதி பார்த்தீங்களா? நான் கத்துக்காததால பதினோரு மாசத்துல உங்களை அனுப்ப முடியல; நேத்தோட உங்களுக்கு ஒரு வருஷம் முழுசா முடிஞ்சிருச்சு. இனிமே உங்களை யாரும் அசைக்க முடியாது" என்று சிரித்தார். "அதான் இன்னிக்குக் கத்துக்கிட்டேன்!"