பாரமும் பனியும்

கான்சாபுரம் தோப்பிலிருந்து தேங்காய் ஏற்றி வந்த பிக்கப் வண்டி, மழையில் ஊறிய மேட்டுப் பாதையில் பாதியில் நிற்கிறது. ஓட்டுகிறவள் ஹெப்சிபா. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பின்சக்கரம் வழுக்கி, வண்டி ஓடைப் பக்கமாக ஒதுங்குகிறது. பக்கத்தில் அவள் கணவன் பெனின். லடாக்கில் ராணுவ லாரி ஓட்டுகிறவன், விடுப்பில் வந்திருக்கிறான். “பயமா இருக்கு, நீங்களே எடுங்க” என்கிறாள். “நீயே எடுத்துருவ. பனியில நாங்க ஏறுற மாதிரிதான். ரெண்டாவது கியரைப் போட்டு, கிளட்சை மெள்ள விடு. பின்னால இருக்கிற பாரமே சக்கரத்தை அமுக்கிப் பிடிச்சுக்கிடும்.” அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காலைத் தளர்த்துகிறாள். வண்டி ஒருமுறை உறுமிச் சேற்றைக் கவ்விக்கொண்டு, மெதுவாக மேடேறுகிறது. உச்சியில் முன்கண்ணாடி முழுக்க வெயில். “அம்புட்டுதான்!” என்று சிரிக்கிறான் பெனின். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, எஞ்சினை அணைக்கிறாள். “அங்கயும் ஒரு பக்கம் ஓடையா?” “ஓடை இல்ல. பள்ளத்தாக்கு.” “நித்தமும் இப்படித்தான் ஏறுறீகளா?” அவன் முன்கண்ணாடியைக் கையால் துடைக்கிறான். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள். பின்னால் ஒரு டிராக்டர் விடாமல் ஹார்ன் அடிக்கிறது. அவள் வண்டியை எடுப்பதாக இல்லை.