துண்டுக்கு அடியில்

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு தரகர்கள் கைகளின் மேல் துண்டைப் போட்டு மூடி, அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்தே பேரத்தை முடிப்பார்கள். அதனால்தான் மாசிலாமணிக்கும் அவர் மனைவியின் அண்ணன் வேலப்பனுக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சில்லாதபோதும் வியாபாரம் நிற்கவில்லை.

நர்சிங் படிக்கிற மாசிலாமணியின் மகள்தான் போன வாரம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "பால் இறங்க மாட்டுக்கு ஊசி போடுறாங்களேப்பா, அந்த ஹார்மோன் மனுஷங்க கையைப் பிடிச்சிருந்தாலே ஊறுமாம். பாசம் வருமாம்."

"ஆகாதவன் கையைப் பிடிச்சாலுமா?"

"அதை மாமாகிட்டதான் கேக்கணும்" என்று சிரித்தாள்.

இனி பத்து எண்ணுவதற்குள் கையை உருவிவிடுவது என்று மாசிலாமணி முடிவு கட்டினார். பாசம் வந்தால் விலை இளகும். அதைவிட மோசம், தானே முதலில் பேசித் தொலைத்துவிடலாம்.

இன்று ஒரு காராம்பசுவுக்குத் துண்டு விழுந்தது. வேலப்பனின் விரல்கள் முன்னைக்கு இப்போது மெலிந்திருந்தன. ஏழு எண்ணும்போதே விலை படிந்தது. வாங்கியவர் பசுவை ஓட்டிக்கொண்டு போயும்விட்டார். கை மட்டும் வெளியே வரவில்லை.

"மாடே போயிடுச்சு, இன்னும் எந்த மாட்டுக்குண்ணே பேசுறீங்க?" என்றார் பக்கத்துத் தரகர்.

"நான் என்னய்யா பண்ண? இந்த ஆளு விட்டாத்தானே" என்றார் மாசிலாமணி, தரகரைப் பார்த்து.

"நானா? மாப்பிள்ளைதான் விட மாட்டேங்கிறாரு" என்றார் வேலப்பன், அவரும் அந்தத் தரகரையே பார்த்து.

மாப்பிள்ளை என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. துண்டு அப்படியே கிடந்தது.