பொடக்காலிக் கதவு

“ஐயோ, பொடக்காலிக் கதவு எங்கீங்க?”

தரணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய வீட்டை இடித்துப் பெரிதாக்கும் வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தவள் அவள். பின்பக்கப் பொடக்காலிக்குப் போனால், கதவு இருந்த இடத்தில் செங்கல் சுவர். சிமெண்ட் ஈரம்கூடக் காயவில்லை.

“சார்தான் அடைக்கச் சொன்னாருங்க,” என்றான் இஞ்சினியர் இளங்குமரன்.

சார் என்றால் அவள் புருஷன் மகுடேஸ்வரன். பனியன் கம்பெனி முதலாளி. ஹாலில் நின்று மார்பிள் சாம்பிளைத் தடவிக்கொண்டிருந்தார். தரணி விறுவிறுவென்று அவர் முன்னால் போய் நின்றாள்.

“ஏனுங்க, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதா இல்லியா?”

“ஏம்புள்ள, என்னாச்சு?”

“பொடக்காலி வழிய அடைச்சுப்போட்டா சுப்பாத்தா எப்படி வருவா? உங்கம்மா காலத்துல இருந்து நம்மூட்டுல பாத்திரம் கழுவி, வாசல் கூட்டி, ஓடாத் தேஞ்சவ. மாடுலர் கிச்சன் வந்ததும் அவ வேண்டாதவளாயிட்டாளா?”

மகுடேஸ்வரன் மார்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதுதான் தரணிக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. நாலு காசு சேர்ந்தால் மனுஷன் இப்படியா கல்லாய்ப் போவான்?

“அந்தப் பின்படியில உக்காந்துதான அவ சோறு திம்பா! அவளுக்குன்னே அனுப்பர்பாளையத்துல பார்த்துப் பார்த்துத் தட்டு, டம்ளரு வாங்கி வெளி மாடத்துல வெச்சிருந்தேன். வேற ஒரு கை பட்டதில்ல. அந்த மாடத்தையும் இடிச்சுட்டீங்களே, என் வயிறு எரியுது!”

பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. இளங்குமரன் தர்மசங்கடமாக வேறு பக்கம் பார்த்தான்.

மகுடேஸ்வரன் மார்பிளைக் கீழே வைத்தார்.

“அழுவாத புள்ள. சுப்பாத்தாள ஆரு வேண்டாம்னா? அவ மக தேவிப்பிரியா நம்ம ஆபீஸ்ல என் எதிர்ல உக்காந்து வெளிநாட்டுக்காரங்ககிட்ட ஆர்டர் பேசுது. எங்கூட காபி குடிக்குது. ஆத்தாக்காரி மட்டும் நம்மூட்டுப் பின்படியில உக்காந்து சோறு திங்கோணுமா? எனக்கு வெக்கமா இருக்குது. அந்த வழி இருக்கற வரைக்கும் அவ அப்படித்தான் வருவா. அதான் அடைச்சேன்.”

“அப்புறம்?”

“அப்புறமென்ன? இனி முன்வாசல்ல வரட்டும். நம்ம டேபிள்ல, நம்ம தட்டுல, நம்மகூட உக்காந்து சாப்பிடட்டும்.”

தரணிக்கு மறுபடி தூக்கிவாரிப் போட்டது. முதல் தடவை போட்டதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

“அதெப்படீங்க… நம்ம ஹாலுக்குள்ள… அவளா?”

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

தரணி அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இளங்குமரன் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, அந்தச் செவுரு இன்னும் காயலீங்கல்ல? இப்பவே இடிச்சுப்போடுங்க.”