மூடி திறக்கும் மாத்திரை

"என்ன, மாவு உருண்டையை முழுங்கியாச்சா?"

தங்கச்சி வீட்டுக்குள்ள நான் காலெடுத்து வைக்கறப்பவே மாப்பிள்ளையோட இந்தக் கேலிதான் காதுல விழுந்தது.

தங்கச்சி பதிலுக்கு மாத்திரை டப்பாவைக் கலகலன்னு குலுக்கிக் காட்டினாள்.

அவளுக்கு ஃபைப்ரோமயால்ஜியா. உடம்பெல்லாம் வலி, ஸ்கேன்ல ஒண்ணும் தெரியாது. டாக்டர் மருந்தோட, வைட்டமின் டி குறைச்சல்னு துணைக்கு ஒரு சத்து மாத்திரையும் எழுதியிருந்தார்.

போன தடவை நான் வந்தப்போ காபிப்பொடி பாட்டில் மூடியைத் திறக்க முடியாம, "இனிமே நான் எதுக்கும் லாயக்கில்லைக்கா"ன்னு அழுதாள்.

"இப்ப பாருக்கா." சமையலறைக்கு இழுத்துட்டுப் போய் காபிப்பொடி, சர்க்கரை, உப்புன்னு வரிசையா மூடியைத் திருகினாள். எல்லாம் சொன்ன பேச்சு கேட்டது.

"எல்லாம் இந்த மாத்திரையாலதான்."

"மாத்திரையாவது மண்ணாவது. சுண்ணாம்பை உருட்டி விக்கறான்." ஹால்லேர்ந்து மாப்பிள்ளை.

எனக்குச் சுருக்குன்னுச்சு. பொண்டாட்டி இப்பத்தான் எழுந்து நடமாடறா, இந்த மனுஷனுக்கு நக்கல். காலையில நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட வேண்டியதுதான்னு படுத்தேன்.

விடியறதுக்கு முன்னாடியே சமையலறையில சத்தம். எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒவ்வொரு மூடியா திருகித் தளர்த்தி, அப்படியே மேல பொருத்தி வெச்சிட்டிருந்தார். மேல் தட்டுல இருந்த கனமான குக்கரும் கீழே இறங்கியிருந்தது.

என்னைப் பார்த்ததும் திருட்டு முழி முழிச்சார்.

"சொல்லிடாதீங்கக்கா. தன் கைக்குப் பலம் வந்துடுச்சுன்னு நெனச்சுட்டிருக்கா. இப்பத்தான் கொஞ்சம் சிரிக்கறா."

"அப்புறம் ஏன் அந்தக் கேலி?"

"நானும் சேர்ந்து மாத்திரையைப் புகழ்ந்தா, என் மேல சந்தேகம் வந்துடுமே."

எடுத்து வெச்சிருந்த நாலு வார்த்தையையும் முழுங்கிட்டேன்.

அவர் வேலைக்குப் போனதும் தங்கச்சிகிட்டே சொன்னேன். "சத்து மாத்திரை தீர்ந்தா சொல்லு, அடுத்த தடவை வாங்கிட்டு வரேன்."

அவள் சிரிச்சாள். "அது நின்னு ரொம்ப நாளாச்சுக்கா. வைட்டமின் சரியாயிடுச்சு, போதும்னுட்டார் டாக்டர். வலி மருந்து மட்டும்தான் இப்ப."

"நேத்து குலுக்கிக் காட்டினியே?"

"மாத்திரை இல்லைன்னா, மூடி எப்படித் திறக்குதுன்னு நான் கேட்கணுமே. அப்புறம் அந்த மனுஷன் எங்க போய் முழிப்பாரு?"

அவ கையைப் பிடிச்சுப் பார்த்தேன்.

"கைக்கு இன்னும் அவ்வளவு பலம் வரலைக்கா. ஆனா எனக்காக ஒருத்தர் தினமும் தூக்கத்தை விட்டு எழுந்துக்கறாரே, அது போதும்."

டப்பாவை மேஜை மேல கவிழ்த்தாள்.

உள்ளேர்ந்து கொட்டினதெல்லாம் மாப்பிள்ளையோட சட்டைப் பட்டன்கள்.